முதல் வேண்டாம்

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று தென்காசியில் எங்கள் தெருவே சொல்லிக்கொண்டிருந்தது. நான் எதற்கு மறுப்பானேன்? ஐம்பதுகளின் கடைசியில் அந்தத் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிய பெண்பிள்ளை நான் ஒருத்திதான். யார் வீட்டுக்குத் தந்தி வந்தாலும் பிரிக்காமல் என்னிடம் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். நான் வாசித்து முடிக்கும்வரை யாரும் மூச்சுவிட மாட்டார்கள். அழுவதா வேண்டாமா என்பதை என் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அந்த இங்கிலீஷ் எந்த லட்சணத்தில் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பரீட்சையில் மரபுத்தொடர்களுக்குத் தனி மார்க் உண்டு. அதனால் அவற்றை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்து வைத்திருந்தோம். பூனையும் நாயுமாகப் பெய்தால் பெருமழை. வாளியை உதைத்தால் ஆள் செத்துப்போனான். பையிலிருந்து பூனையை வெளியே விட்டால் ரகசியம் அம்பலம். பூனை இல்லாமல் வெள்ளைக்காரனுக்குப் பேச்சே வராது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு வெள்ளைக்கார அம்மாவுடன் ஒரு சீசன் முழுக்க இருந்தேன். அவர் வாயிலிருந்து ஒரு பூனைகூட வரவில்லை.

அந்த அம்மாவிடம் நான் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் என் கல்யாணம்.

வாசுதேவநல்லூரில் எனக்கு ஓர் அத்தை மகன் இருந்தார். அப்பாவின் அக்கா மகன். நான் தொட்டிலில் கிடந்தபோதே பேசி வைத்துவிட்ட சம்பந்தம். அத்தான் நல்லவர். குடி கிடையாது, சீட்டு கிடையாது. அப்போதுதான் கிணற்றில் பம்புசெட் போட்டிருந்தார். அதைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேச மாட்டார். சாப்பிட உட்கார்ந்தால் சோறு போடும்போது மோட்டார் ஓட ஆரம்பிக்கும், மோர் ஊற்றும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் ஆயுள் முழுக்க உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. எனக்கு ஒரு வேலை வேண்டும். எனக்கென்று ஒரு மேஜை, ஒரு நாற்காலி, நான் வந்தால் எழுந்து நிற்க நாலு பிள்ளைகள் வேண்டும். ஆசைக்கு என்ன, யாரைக் கேட்டா வருகிறது?

அப்பாவிடம் போய், "எனக்குக் கல்யாணம் வேண்டாம்" என்றேன். அப்பா சிரித்தார். அடுக்களையிலிருந்து மதினியும் சிரித்தாள். மதினி என்றால் என் அண்ணனின் மனைவி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், வாய் மட்டும் இருபது வயது மூத்தது.

அப்பாவுக்கு நல்ல மனநிலை போலிருக்கிறது. "இப்பம் ஆடி வருது. ஆடியில எவனும் கல்யாணம் வைக்க மாட்டான். ஆடி முடியுததுக்குள்ள உனக்கு ஒரு வேலை அமைஞ்சா பாப்போம். அமையலைன்னா ஆவணியில முகூர்த்தம், என்ன?" என்றார். அமையாது என்ற தைரியத்தில் சொன்ன வார்த்தை அது. அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

ஆனால் வழி அவர் மூலமாகவே திறந்தது. அப்பாவுக்கு மரக்கடை. செங்கோட்டைக்கு அந்தப்பக்கம் மலைமேல் ஒரு தேயிலை எஸ்டேட்டிலிருந்து அவருக்கு மரம் வரும். அந்த எஸ்டேட் துரையின் மனைவிக்கு முட்டுவலி. மலையில் விடாத அடைமழை என்பதால் சீசன் முழுக்கக் குற்றாலத்தில் ஒரு பங்களாவில் வந்து தங்கப்போகிறார், பால்காரனிடமும் வேலைக்காரர்களிடமும் பேச இங்கிலீஷ் தெரிந்த ஒரு பெண் தேவை என்று அப்பாவிடம் சொல்லியனுப்பினார்கள். எஸ்டேட்டில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருப்பதும், அதற்கு டீச்சர் இல்லாததும் அந்தப் பேச்சோடு பேச்சாக எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். துரைசாணிக்கு என்னைப் பிடித்துப்போனால் அந்த வேலை எனக்குத்தான். பிடிக்காமல் போனால் பம்புசெட்.

வயசுப்பிள்ளையைத் தனியாக அனுப்பக்கூடாது என்று மதினியைத் துணைக்குப் போட்டார்கள். அவளுக்குக் கொண்டாட்டம். காலை பஸ்ஸில் குற்றாலம் போவோம். என்னைப் பங்களாவில் விட்டுவிட்டு அவள் அருவிக்குப் போவாள். ஈரத்தலையோடு திரும்பி வந்து, பங்களா வராந்தாவில் முடியை விரித்துப் போட்டு உட்கார்ந்து, எங்கள் இங்கிலீஷை வேடிக்கை பார்ப்பாள். சாயங்காலம் பஸ் பிடித்து வீடு திரும்புவோம்.

துரைசாணிக்குத் தமிழே தெரியாது என்று சொல்ல முடியாது. வா, போ, எடு, வை, சீக்கிரம் என்ற ஐந்தும் தெரியும். மலையில் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அவர் கற்ற தமிழ் முழுக்க ஏவல்தான். ஆனால் குரலில் அதிகாரம் இருக்காது. நெட்டையான, சிவந்த, கொஞ்சம் கூச்சப்பட்ட மனுஷி.

முதல் நாள் காலையிலேயே, "ஐ ஆம் அஃப்ரெய்ட் தேர் இஸ் நோ மில்க்" என்றார்.

பால் இல்லை, அதற்குப் பயமாக இருக்கிறது! எனக்கு மனசு இளகிவிட்டது. "டோன்ட் பி அஃப்ரெய்ட், மேடம். ஐ ஆம் ஹியர்" என்றேன். துரைசாணி என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் மதினியிடம் திரும்பி, பால் வராததால் அந்தம்மா பயந்துபோயிருக்கிறார் என்று சொன்னேன்.

"யாத்தாடி! பாலுக்கே இப்படிப் பயப்படுதாவளே, மலையில யானை வந்தா என்ன செய்வாவ?" என்றாள் மதினி.

அன்றைக்கு முழுக்க அந்தம்மா பயந்துகொண்டே இருந்தார். நாற்காலி ஈரமாக இருக்குமோ என்று பயம். சோப்பைக் குரங்கு கொண்டுபோய்விட்டதே என்று பயம். நான் சொன்ன ஒரு வாக்கியம் தப்பு என்பதற்குக்கூட அவர்தான் பயந்தார். நாலைந்து நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அது பயமே இல்லை. பிடிக்காத சேதியைப் பட்டென்று சொல்லக் கூச்சப்பட்டு, முன்னால் ஒரு பயத்தைப் போட்டுக்கொள்கிறார்கள். பரீட்சைக்குப் படித்த பட்டியலில் இது கிடையாது. எனக்கு என் பள்ளிக்கூடத்தின் மேல் கோபம் கோபமாக வந்தது.

அடுத்து மதினிக்கும் அவருக்கும் சண்டை மூண்டது. ஒருநாள் மதினி வீட்டிலிருந்து சொதி செய்து தூக்குவாளியில் கொண்டுவந்தாள். தேங்காய்ப்பாலை முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாகப் பிழிந்து, காய்கறி போட்டு, இஞ்சிச்சாறு விட்டு வைக்கிற குழம்பு. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்த மறுநாள் மாப்பிள்ளைக்குப் போடுகிற மரியாதை அது. துரைசாணி ஒரு கரண்டி எடுத்தார், இன்னொரு கரண்டி எடுத்தார், வாளி காலி. துடைத்த வாயோடு, "நாட் பேட். நாட் பேட் அட் ஆல்" என்றார்.

"என்ன சொல்லுதாவ?" என்று மதினி ஆவலாகக் கேட்டாள்.

நான் பொய் சொல்லத் தெரியாத முட்டாள். "மோசமில்லையாம்" என்றேன்.

"மோசமில்லையாமா? வாளிய வழிச்சுத் தின்னுட்டு மோசமில்லையாமா? விடியக்காலம் எந்திச்சு தேங்கா திருகுன கையி இன்னும் வலிக்கி. இனிமே இந்தம்மாவுக்கு ஒரு பருக்கை கொண்டாந்தா ஏன்னு கேளு!"

அப்படியே செய்தாள். ஒரு வாரம் தூக்குவாளி வரவில்லை. துரைசாணி தினமும் எங்கள் கையைப் பார்ப்பார், முகம் சுண்டும். கடைசியில் பொறுக்க முடியாமல், தன் வாழ்நாளில் அதைப்போல ஒன்றைச் சாப்பிட்டதில்லை, மறுபடி கிடைக்குமா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். அவர்கள் ஊரில் 'மோசமில்லை' என்பதற்கு மேல் பாராட்டு கிடையாதாம். அதற்கு மேல் புகழ்ந்தால் பொய் சொல்வதாக நினைப்பார்களாம். நான் இதை மதினிக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அவள் மறுநாள் சொதி கொண்டுவந்தாள், ஆனால் துரைசாணி சாப்பிட்டு முடிக்கும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு வந்த சோதனை சாரலால் வந்தது. ஒருநாள் காலையில் சாரல் தூவிக்கொண்டிருந்தது. துரைசாணி ஜன்னலை மூடச் சொல்லி, மழை பெய்கிறது, இன்றைக்கு வெளியே போக முடியாது என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இது மழை இல்லை மேடம், சாரல். மழை வேறு, சாரல் வேறு. சாரலுக்கு இங்கே யாரும் குடை பிடிக்க மாட்டார்கள், நனைவதற்கென்றே ரயிலேறி வருகிறார்கள் என்றேன். துரைசாணி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "யூ ஆர் புல்லிங் மை லெக்!" என்றார்.

காலை வாருகிறாய்!

நம்பி வீட்டுக்குள் விட்ட ஒருத்தரின் காலை வாருகிறவள் என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டாரே! இனி வேலை எங்கே, பள்ளிக்கூடம் எங்கே? ஆவணி முகூர்த்தம் கண்முன்னால் வந்து நின்றது. பொலபொலவென்று அழுதுவிட்டேன்.

"ஏட்டி, ஏன் அழுத?" என்று மதினி வராந்தாவிலிருந்து ஓடி வந்தாள்.

"நான் அவிய காலை வாரிட்டேனாம்."

மதினி ஈரமுடியை அள்ளிச் செருகிக்கொண்டு துரைசாணிக்கு முன்னால் போய் நின்றாள். "இங்க பாருங்க. எங்க பிள்ள அப்படிப்பட்ட பிள்ள இல்ல. எங்க குடும்பத்துல எவனும் எவன் காலையும் வாரினது கிடையாது. கேட்டுப் பாருங்க ஊருக்குள்ள!" என்று பொரிந்து தள்ளினாள். துரைசாணிக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஒரு பெண் அழுகிறாள், இன்னொரு பெண் கத்துகிறாள். பாவம், என்ன செய்வார்? எங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார்.

விசும்பல் நின்ற பிறகு நான் எங்கள் காலைப் பற்றிச் சொன்னேன், அவர் அவர்கள் காலைப் பற்றிச் சொன்னார். அங்கே காலை இழுப்பது விளையாட்டுக் கேலியாம். ஒரே கால்தான், ஒரே இழுப்புதான். கடலுக்கு அந்தப்பக்கம் கிண்டல், இந்தப்பக்கம் துரோகம். மதினிக்கு இதைச் சொன்னபோது, "கேலி பண்ணுததுக்கு எதுக்குக் காலைப் புடிக்கணும்? கோட்டி புடிச்ச பாஷை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

அழவைத்ததற்குப் பரிகாரமாகவோ என்னவோ, மறுநாள் துரைசாணி எனக்கு ஒரு பெரிய பிஸ்கட் டின் கொடுத்தார். மழை நாளுக்கு வைத்துக்கொள் என்றார். நான் அந்தச் சொல்லை மதித்து அப்படியே வைத்திருந்தேன். இரண்டு நாள் நல்ல வெயில். மூன்றாம் நாள் மேற்கே கறுத்து, இதமான காற்றோடு அருமையான சாரல். எங்கள் ஊரில் இதைவிட நல்ல நாள் ஏது? வீட்டில் வடை சுட்டார்கள், நான் டின்னைத் திறந்தேன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் உட்பட எல்லாரும் உட்கார்ந்து காலி செய்தோம்.

அடுத்த வாரம் துரைசாணி டின்னைப் பற்றி விசாரித்தார். மழை பெய்தது மேடம், தின்றுவிட்டோம் என்றேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு விளக்கினார். மழை நாள் என்றால் கஷ்டகாலமாம். கையில் ஒன்றும் இல்லாத நாளுக்குச் சேர்த்து வைப்பதாம். எனக்கு வந்ததே ஆத்திரம்! மழை நாள் எப்படிக் கெட்ட நாளாகும்? இந்த ஊரில் சாரல் தப்பினால் லாட்ஜுக்காரன் தலையில் துண்டு, எண்ணெய் தேய்த்துவிடுகிறவன் தலையில் துண்டு, பழக்காரி கூடையில் மங்குஸ்தான் அழுகிக் கிடக்கும். கஷ்டகாலத்துக்கு வெயில் நாள் என்று பெயர் வையுங்கள் என்று சண்டை போட்டேன். சண்டையின் நடுவில்தான் கவனித்தேன், நான் இங்கிலீஷில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். துரைசாணியும் அதைக் கவனித்தார். அன்றைக்கு எனக்கு டீயில் கூடுதலாகச் சர்க்கரை விழுந்தது.

அதற்குப்பிறகு நான் உஷாராகிவிட்டேன். அவர் எது சொன்னாலும் தோலை உரித்துக் கொட்டையைப் பார்ப்பேன். 'பார்க்கலாம்' என்றால் இல்லை. 'சுவாரசியமாக இருக்கிறது' என்றால் பிடிக்கவில்லை. 'ஒருநாள் வாருங்கள்' என்றால் வந்துவிடாதீர்கள். இப்படி எல்லாவற்றுக்கும் உள்ளே ஒன்று வைத்துப் பேசுகிற ஜனங்களிடம் நேரடியாக வேலை கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. ஒருநாள் அவர், உன்னை என்ன செய்வதென்று யோசிக்க வேண்டும் என்றார். வேலையா, வெளியே தள்ளுவதா? வீடு போய்ச் சேரும்வரை பஸ்ஸில் அந்த வாக்கியத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஆடி தேய்ந்துகொண்டே வந்தது.

கடைசி நாளும் வந்தது. மறுநாள் காலை துரைசாணி மலைக்குத் திரும்புகிறார். டிரங்குப்பெட்டிகள் வராந்தாவுக்கு வந்துவிட்டன. நான் மேஜைவிரிப்பை மடித்துக்கொண்டிருந்தேன். துரைசாணி என் எதிரில் வந்து நின்று, சுற்றி வளைக்காமல், பூடகம் ஏதுமில்லாமல், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிற இங்கிலீஷில் கேட்டார்: "எங்கள் எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக வருகிறாயா?"

எனக்குள் மேளம் கொட்டியது. வாய் என்ன சொன்னது தெரியுமா? "நோ, நோ, மேடம். உங்களுக்கு எதற்குச் சிரமம்?" என்றது. தலையைக் குனிந்து புன்சிரிப்பு வேறு.

பின்னே? எங்கள் பக்கத்தில் ஒருத்தர் ஒன்றைத் தருகிறேன் என்றவுடன் சரி என்று கையை நீட்ட முடியுமா? எதற்கும் ஆலாய்ப் பறக்கிற பறக்காவெட்டி என்று பெயர் வந்துவிடும். நாக்கு வறண்டு வந்து நிற்பவனும், காபி குடிக்கிறீர்களா என்றால், "வேண்டாம், இப்பம்தான் குடிச்சிட்டு வாரேன்" என்றுதான் சொல்வான். கேட்டவர் விடக்கூடாது. "அட, ஒரு வாய்" என்று வற்புறுத்த வேண்டும். "சொன்னா கேக்கவா போறிய" என்று அலுத்துக்கொண்டு அவன் வாங்கிக் குடிக்க வேண்டும். முதல் வேண்டாமுக்கு மதிப்பே கிடையாது. அது கதவைத் தட்டுவது மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை, பாலோடு ஊட்டிவிடுகிறார்கள்.

துரைசாணியின் முகம் வாடிவிட்டது. "ஓ. புரிகிறது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சரி, மறுபடி கேட்பார் என்று காத்திருந்தேன். மடித்த விரிப்பை உதறி மறுபடி மடித்தேன். அவர் கண்ணில் படும்படி குறுக்கே நடந்தேன். சோப்பு எடுத்துவைத்தாயிற்றா என்று கேட்டார். டீ வந்தது, குடித்தோம். பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கி, நல்லபடியாக இரு என்று சொல்லி அனுப்பிவைத்துவிட்டார். அவ்வளவுதான்!

பஸ்ஸில் மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கொதித்துப்போனாள்.

"ஒரே ஒரு தடவ கேட்டுட்டு விட்டுட்டாவளா? இன்னொரு தடவ கேக்கலையா?"

"கேக்கலையே."

"என்ன பழக்கமோ! குடுக்க மனசு இருந்தா வற்புறுத்தியிருக்க மாட்டாவளா? சும்மா பேச்சுக்குக் கேட்டிருக்காவ. நல்லவேளை நீ சரின்னு சொல்லாம மானத்தைக் காப்பாத்துன."

நானும் அப்படித்தான் நினைத்தேன். துரைசாணி மேல் எனக்கு அப்படியொரு வருத்தம். ஒரு சீசன் முழுக்கக் கூடவே இருந்தவளிடம் மனசில்லாமல் கேட்பதா?

வீட்டுக்குள் நுழைந்தால், வாசுதேவநல்லூர் அத்தை வந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு சாக்கு நிறைய எலுமிச்சம்பழம். ஆவணியில் நாள் குறிக்க வந்திருக்கிறாள். அப்பா முகமெல்லாம் மலர்ச்சியாக, "என்னம்மா, அத்தைகிட்ட சரின்னு சொல்லீருவோமா?" என்றார்.

"வேண்டாம்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அத்தை என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "வெக்கத்தைப் பாரு! நானும் உங்க மாமாவ அப்படித்தான் வேண்டாம்னேன்."

நான் அப்படியே நின்றுவிட்டேன். இந்த வீட்டில் நான் உண்மையாகவே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. அங்கே ஊருக்காக ஒரு வேண்டாம் சொன்னேன், அந்த மனுஷி அதை அப்படியே நம்பிவிட்டார். என் பேச்சை முதல்முதலாக நம்பிய ஆளிடம் போயா நான் இப்படிச் சொல்லித் தொலைக்க வேண்டும்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு என் தலையிலேயே நாலு குட்டுக் குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் மதினியை இழுத்துக்கொண்டு குற்றாலம் ஓடினேன். பங்களா வாசலில் கார் நின்றது. டிரைவர் பெட்டிகளை மேலே வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான். துரைசாணி தொப்பியோடு படியில் நின்றிருந்தார். நான் மூச்சுவாங்க, "மேடம், நேற்று நான் சொன்ன 'நோ', நோ இல்லை" என்றேன்.

"பின்னே என்ன?"

சொன்னேன். காபியைச் சொன்னேன், பறக்காவெட்டியைச் சொன்னேன், முதல் வேண்டாமுக்கு மதிப்பில்லை என்பதைச் சொன்னேன், கேட்கிறவர் விடக்கூடாது என்பதைச் சொன்னேன். துரைசாணி முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கட்டாமல் கீழே கிடந்த ஒரு டிரங்குப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எஸ்டேட் கிளார்க்குகளின் மனைவிகள் என்னைப் பார்க்க வருவார்கள்" என்றார். "நானே கேக் செய்வேன். தட்டை நீட்டுவேன். எல்லாரும் வேண்டாம் என்பார்கள். என் கையால் சாப்பிட அவர்களுக்கு இஷ்டமில்லை என்று தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுவேன். இத்தனை வருஷமாக."

துரை வீட்டுப் படியிறங்கும்போது அந்தப் பெண்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மதினி, என்னவாம் என்றாள். நான் சொன்னேன். அவள் சிரிக்கப்போகிறாள் என்று பயந்தேன். அவளோ துரைசாணியின் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்து, "அட பாவமே, கேக்கு வீணாப் போச்சே" என்றாள். துரைசாணிக்குக் 'கேக்கு' மட்டும் புரிந்தது. தலையை ஆட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "சரி, முறைப்படி மறுபடி கேட்கிறேன். எங்கள் எஸ்டேட் பள்ளிக்..." என்று ஆரம்பித்தார்.

"யெஸ், மேடம்!"

"என்னை முடிக்கவாவது விடு" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது அப்பாவும் அத்தையும் பஞ்சாங்கத்தை விரித்து வைத்திருந்தார்கள். வேலை கிடைத்துவிட்டது என்றேன். அப்பாவுக்கு உண்மையிலேயே சந்தோஷம். "பரவாயில்லையே! கல்யாணம் முடியட்டும். போறதா வேண்டாமான்னு மாப்பிள்ளைகிட்ட கேட்டுக்கிடலாம்" என்றார்.

"கல்யாணம் வேண்டாம்பா."

அத்தை சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். இந்தத் தடவை நான் தலையைக் குனியவில்லை, சிரிக்கவும் இல்லை. அப்பா முகத்தைப் பார்த்தே நின்றேன். "வேண்டாம்" என்றேன்.

"ஏம்மா, நல்ல பையன். வீடு வாசல் இருக்கு. கிணத்துல தண்ணி இருக்கு. தெரியாத இடமா?" என்று அப்பா பந்தியில் சோறு வைப்பது மாதிரி வற்புறுத்தினார்.

"வேண்டாம்பா."

அப்பா மறுபடி வாயைத் திறந்தார். அதற்குள் அடுக்களை நிலையில் நின்ற மதினி, "மாமா, போதும். பிள்ள இலைய மடக்கிட்டா" என்றாள்.

அப்பா சிரிப்பை நிறுத்தினார். என்னை அவர் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் பஞ்சாங்கத்தின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். பிறகு அதை மூடினார். "மலையில குளிருமே. நல்ல போர்வை ஒண்ணு வாங்கணும்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பிப் போனார். எனக்கு அழுகை வந்தது. காலில் விழுந்திருக்கலாம், தோன்றவில்லை.

அத்தை மட்டும் சாக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. என்னைத் தொட்டிலிலிருந்து மருமகளாகப் பார்த்தவள். அவள் சாக்கின் வாயை அவிழ்த்து, நல்ல பழமாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்தாள். "இத ஊறுகா போட்டுக் கொண்டுபோ. அங்கன என்ன கிடைக்குமோ, என்ன திம்பியோ" என்று இரண்டு கை நிறைய நீட்டினாள்.

"வேண்டாம் அத்தை, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றேன்.

அத்தை கையை நீட்டியபடியே என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏட்டி, இது எந்த வேண்டாம்?" என்று கேட்டாள்.

நான் அவள் முன்னால் உட்கார்ந்து மடியை விரித்தேன்.